காதுகுத்து பேனரும் மாடிச் சமையலறையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேளம்பாக்கத்தில் இன்று ஐ.டி. பிள்ளைகள் குடியிருக்கும் ஃபிளாட்டுகளில் பாதிக்கு சென்ட்ரிங் அடித்தது என் ஆட்கள்தான். கொத்தனாருக்குக் கையாளாகப் போனவன், மேஸ்திரியானேன், கான்ட்ராக்டரானேன். மாமல்லபுரம் போகிற ரோட்டோரம் மாடி வைத்து வீடு கட்டினேன். நினைத்து முடியாமல் போன காரியம் என்று ஒன்று சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருந்தது, போன வருஷம் வரைக்கும்.

என் மகள் எம்.ஏ., பி.எட். மருமகன் இறந்த பிறகு மகனோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தனியார் பள்ளியையும் மூடிவிட்டார்கள். படித்து வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகைக்கு எழுதிப் போடப்போகிறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஆட்களுக்கு நான் டீக்குக் கொடுப்பதே அதைவிட அதிகம். நான் தருகிறேனே என்றேன்.

"கவர்மெண்ட் வேல பரிட்சைக்கு பீஸ் கட்டணும்னா உன்னான்ட வந்து நிக்கிறேன் பாரு, நைனா. அது வாணாம்" என்றாள்.

என் காரிலேயே செங்கல்பட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பதிவெல்லாம் ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்தாள். குடும்ப வருமானம் குறைவு என்பதற்கு வி.ஏ.ஓ. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆனால் திட்டத்துக்கு வயது வரம்பு உண்டு. ஆடி வந்தால் அவளுக்கு அது தாண்டிவிடும். அப்போது சித்திரை. ஒரு கையெழுத்துதானே, விடு என்று சொல்லிவிட்டேன்.

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். வீடு கட்டினவன் வீட்டுக்கு யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவதுதான் எங்கள் தொழில்காரர்களின் வழக்கம். கிரானைட் தரையைக் காட்டினேன். தேக்கு நிலையைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மகள் படிக்கட்டில் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். மாடியையும் காட்டச் சொல்கிறாள் என்று நினைத்து, மாடிக்கும் கூட்டிப்போனேன்.

அங்கிருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியும். சிமெண்ட் மூட்டைகள் நனையாமலிருக்க, பேரனின் காதுகுத்துக்கு வைத்த பேனரைப் போர்த்தியிருந்தேன். அதிலிருந்த படத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், வானத்தைப் பார்த்து நான் படுத்திருந்தேன். கீழே 'தொழிலதிபர்' என்று கொட்டை எழுத்து.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"பெரியவரே, இவ்ளோத்தையும் பாத்துட்டு வருமானம் கம்மின்னு நான் எப்டி எழுதறது? நாளைக்கி எவனாவது மனு போட்டா என் வேலை பூடும்."

"சார், இதெல்லாம் என்துது. அவகிட்ட இன்னா கீது?"

"ஒரே கார்டு, ஒரே அடுப்பு. அப்போ ஒரே குடும்பந்தானே?"

நான் சட்டைப் பையைத் தொட்டேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால் எழுதலாம், அதற்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறைதானே! மறுநாளே ஆட்களை இறக்கினேன். மாடியில் கடப்பாக்கல் மேடை, சிங்க், ஜன்னல், சுவருக்கு டைல்ஸ் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. அவள் பெயரில் கேஸ் வாங்கினேன். கார்டுக்கு எழுதிப் போட்டோம்.

அதோடு என் கை ஓய்ந்துவிட்டது. தினமும் அவளை போனில் பார்க்கச் சொல்வேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றே வரும். வைகாசி போயிற்று. தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். மேலே போயிருக்கிறது என்றார்கள். என்னிடம் வீடு கட்டிக்கொண்ட கவுன்சிலரைப் பிடித்தேன்.

"ஆளுன்னா சொல்லலாம் அண்ணாத்த. இது கம்ப்யூட்டர்ல போய்கினு கீது. அத்த யார் கைல சொல்றது?" என்றார்.

சிமெண்ட் கிடைக்காத காலத்தில் லாரியை வழிமறித்து இறக்கினவன் நான். இதில் எதை மறிப்பது என்று தெரியவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

ஆடி பிறந்தது. அவள் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரி பாயசம் வைத்தாள். கார்டு ஆவணியில் வந்தது.

இனி எதற்கு இரண்டு சமையல், கீழே வந்து சாப்பிடு என்றேன்.

"அரிசி எம்பேர்ல வருது, நைனா. இருக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

இப்போது மாடியில்தான் பொங்கித் தின்கிறார்கள். பேரன் மட்டும் சில நாள் கீழே வந்து மீன் குழம்பு வாங்கிப் போவான். இந்த முறை அவள் பரிட்சைக்கு எழுதிப் போடவில்லை என்று வீட்டுக்காரி சொன்னாள். பீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் ஏறினேன். மேலே குக்கர் விசில் அடித்தது. நான் கட்டிக்கொடுத்த சமையலறைதான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இறங்கிவிட்டேன்.