நாலடி தூரத்துப் பேச்சு

கண்ணாடி வெட்டும் கடையில் ரேடியோ அக்காவுக்குப் பெயருக்குத்தான் ஆர்டர் எழுதும் வேலை. அண்ணன் சொல்வதைத் தம்பிக்கும், தம்பி சொல்வதை அண்ணனுக்கும் திருப்பிச் சொல்வதற்கே நாள் போதாது. முதலாளிகள் இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இரண்டு மேசைக்கும் நடுவே நாலடி தூரம். பெரியவர் தும்மினால் சின்னவர் மேசைக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ஆனாலும் அக்கா வாயால் வந்தால்தான் காதில் விழும்.

பேச்சு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாடிக்கையாளரிடம் பேச்சு முடிந்தது என்பார் பெரியவர். அந்த ஆள் பேச்சு மாறிவிட்டான் என்பார் சின்னவர். அளவு தப்பினால் இருவரிடமும் பேச்சு வாங்குவது அக்கா. வேளைக்கு ஒரு பேச்சு!

'அவர் சொல்றார்' என்று ஆரம்பித்தாலே இருவருக்கும் பற்றிக்கொண்டு வரும். அதனால் யார் சொன்னதையும் அவரே பேசுவதுபோல் 'நான்' என்றே சொல்லப் பழகியிருந்தாள்.

வெளியூர் வேலைக்குப் போன அவள் கணவன் எட்டு மாதமாகத் தனியாகக் கிடந்தான். அங்கே வீடு பார்த்தாயிற்று. திங்கட்கிழமை அவள் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியவர் முன்னால் நின்றாள்.

"நான் கடைய விட்டுப் போறேங்க."

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னவாம் அவனுக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?"

"ஐயோ, நான் சொல்றேங்க, நான்!"

"அதான் கேக்குதே. போகக் கூடாதுன்னு சொல்லு."

கோபம் தலைக்கேறியது. விருட்டென்று சின்னவர் பக்கம் திரும்பினாள். "நான்தாங்க போறேன்!"

சின்னவர் கையிலிருந்த கண்ணாடி நழுவிச் சுக்குநூறானது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. நேரே அண்ணன் மேசைக்கு ஓடினார்.

"என்ன விட்டுட்டு எங்கண்ணே போவே?"

"நானா? நீதானடா போறேன்னே!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்காவுக்கும் அழுகை வந்தது. ஆனால் பஸ் திங்கட்கிழமை. "அப்ப நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட கிளம்பட்டுமா?" என்றாள்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "என்னடா சொல்றா இவ?"

"கிளம்பணுமாம்ணே. அவ வீட்டுக்காரர்கிட்ட."

"அடடா, இத்தனை நாளா வாயே திறக்கலையே! நல்லபடியா போயிட்டு வரச் சொல்லு."

சின்னவர் அவள் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.