சுவரேறிய இரண்டு படகுகள்

கண்ணாடி வெட்டும் தொழிலில் அவருக்கு முப்பத்தோரு வருடம். தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அரையங்குலம்' என்றால்தான் தெரியும். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனால் மூன்று முறை அளப்பார். வீட்டுக்காரர் அசந்தால் நான்காவது முறையும் அளப்பார்.

அவரிடம் இரண்டு சிறு படகுகள் இருந்தன. ஒவ்வொன்றும் பதினோரு அடி நாலு அங்குலம், பத்தொன்பது கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஏரிக்குப் போய் ஆளுக்கொன்றாகத் துடுப்புப் போடுவார்கள். மற்ற ஆறு நாளும் படகுகள் கொட்டகைத் தரையில் மல்லாந்து கிடக்கும்.

அவர் பெண்டாட்டி தையற்காரி. பள்ளிச் சீருடை ஆர்டர் பிடித்து, இன்னும் இரண்டு மெஷினுக்குச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை கொட்டகையில் வந்து இறங்கும். படகு தரையை விட்டுப் போகணும், இல்லையென்றால் வீட்டை விட்டுப் போகணும் என்று கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் தம்பிக்குப் படகுகள் மேல் வெகுநாளாகக் கண். சனிக்கிழமை மூன்று மணிக்கு வேனோடு வருகிறேன் என்று முந்திக்கொண்டான்.

அரையங்குலம் இரண்டு நாள் லீவு போட்டார். சுவரில் இரண்டு நெட்டுக் கட்டைகள், கட்டைக்கு நாலு போல்ட். அதிலிருந்து நீளும் நாலு கைகள். மேல் ஜோடி ஐந்தரை அடி உயரத்தில், கீழ் ஜோடி மூன்றரை அடியில். படகு கீறாமலிருக்கக் கைகளில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றினார். ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நட்டநடுவில் நின்றது.

சனிக்கிழமை இரண்டே முக்காலுக்கு இருவருமாக ஒரு படகை மேல் ஜோடிக் கைகளுக்குத் தூக்கினார்கள். அவர் பக்கம் அலுங்காமல் உட்கார்ந்தது. அவள் நுனிக்காலில் நின்று எக்கியும் தன் பக்கத்தைத் தோளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. அந்நேரம் பார்த்து வந்து நின்ற தம்பி, வேனில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"சிரமப்படாதீங்க மாமா. நம்ம வண்டி தாழ்வாத்தான் இருக்கு."

ஸ்டூல் போடலாமா என்றார் அவர். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டூல் மேல் நின்று படகு சுமக்கத் தான் சர்க்கஸ்காரி இல்லை என்றாள் அவள். படகைத் தரையில் வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

"யாரு உயரத்துக்கு இதைச் செஞ்சீங்க?"

"என் உயரத்துக்குத்தான்."

"ஒருத்தரை அளந்து இன்னொருத்தருக்குத் தைக்க முடியுமா? இந்தாங்க, என்னையும் அளங்க."

அவர் டேப்பை வாங்கினார். கொஞ்சம் தயங்கினார்.

"செருப்போடவா, செருப்பில்லாமலா?"

தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செருப்போடு, தோள் வரை நாலு அடி மூன்று அங்குலம். எட்டு போல்டையும் கழற்றி, கட்டைகளை ஒன்றேகால் அடி இறக்கினார்கள். சும்மா நின்ற தம்பி கையில் ரசமட்டத்தைக் கொடுத்து, குமிழ் அசைந்தால் சொல் என்றாள் அக்கா. ஐந்தே முக்காலுக்கு இரண்டு படகும் சுவரேறின.

அப்போதும் அவளுக்கு நிம்மதியில்லை. தம்பியைக் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டு, இருவருமாக இரண்டையும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். ஒன்பது நிமிடம். தம்பி தாழ்வான தன் வேனைச் சத்தமில்லாமல் திருப்பினான்.