பச்சைக் கம்பளி நூல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள் நான். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. நானும் மனைவி சறோவும் ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் இருந்தோம். ஒரே மகள் ஆரணி விசா வரும்வரை யாழ்ப்பாணத்தில் என் தங்கையோடு இருந்தாள். வருகிற பிள்ளைக்கு ஆக்லாந்துக் குளிர் தாங்காது என்று சறோ பச்சைக் கம்பளியில் சுவெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள், பஸ்ஸில்கூட.

ஒரு ஞாயிறு பகல், மழைக்கு ஒதுங்கி அருங்காட்சியகம் ஒன்றுக்குள் போனோம். பிரான்ஸில் ஏதோ பழைய பேராலயத்தில் உள்ள கல்லறைச் சிற்பத்தின் பிளாஸ்டர் நகல் அங்கே இருந்தது. ஒரு சிறுமி, கைகூப்பி, மல்லாந்து, வெறுங்காலோடு, காலடியில் ஒரு நாய்க்குட்டி. ஆரணியின் உயரம்தான் இருக்கும்.

"இஞ்சாருங்கோ, பெருவிரலைக் கட்டாமல் விட்டிட்டினம்," என்றாள் சறோ. செத்தவரின் கால் பெருவிரல் இரண்டையும் நாங்கள் சேர்த்துக் கட்டுவோமே, அதைத்தான் சொன்னாள்.

"அவையளுக்கு அந்தப் பழக்கம் இல்லையப்பா."

"சின்னப் பிள்ளை எல்லே, பாவம்."

நான் தடுப்பதற்குள் கைப்பையிலிருந்த கம்பளியில் ஒரு துண்டு அறுத்துக் கட்டிவிட்டாள். காவலர் வந்து கழற்றச் சொன்னார். நான்தான் அவிழ்த்தேன், ஒரே இழுப்பில் வந்துவிட்டது, கோட்டுப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூலைக் காணவில்லை. பை கிழிந்திருக்கவும் இல்லை.

பல கிழமை கழித்து, எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்த தங்கை டெலிபோன் எடுத்தாள். ஷெல் விழுந்து ஆரணி போய்விட்டாள். அதே ஞாயிறு.

"தூக்க ஆள் தேடி ஓடினன் அண்ணா. திரும்பி வந்து பாக்கிறன், பிள்ளையின்ர பெருவிரலை ஆரோ பச்சைக் கம்பளியால கட்டியிருக்கினம். எங்கட ஊரில ஆரிட்டையண்ணா கம்பளி இருக்கு?"

நான் வாய்விட்டு அழுதேன். சறோ அழவில்லை. "இறுக்கிக் கட்டியிருந்ததோ எண்டு கேளுங்கோ," என்றாள்.

கேட்டேன்.

"ஓம் அண்ணா. அவிழ்க்கவே ஏலாத முடிச்சு."

ஒரு கை பின்னாத அந்தச் சுவெட்டர் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கோட்டையும் நான் எறியவில்லை. குளிர் தொடங்கி அதைப் போடுகிறபோதெல்லாம், இல்லை என்று தெரிந்தும், பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறேன்.