சோக்கில் தொங்கிய திருநீற்றுப் பை

புகைச் சோதனையில் என் பழைய கார் இரண்டு தடவை தோற்றது. கறுப்புப் புகை கக்கியது; ஏற்றத்தில் திணறியது.

"இங்க நல்லாத்தாங்க ஓடுது" என்ற லிந்துலை ஊர் கராஜ் மெக்கானிக் பாஸிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கார்பரேட்டரை நானே மூன்று தடவை கழற்றிக் கழுவினேன். பலனில்லை.

மறுநாள் முன்சீட்டில் ஏறிய மனைவி, டேஷ்போர்டில் பை தொங்க நீட்டி நின்ற குமிழைப் பார்த்துக் கேட்டாள்: "சோக்க ஏங்க இழுத்தே வச்சிருக்கீங்க?"

"அப்பதான் திருநீற்றுப் பை வழுக்காது. சாமி சாமான கீழ வைக்கலாமா..."

சொல்லும்போதே உறைத்தது. குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுத்து, எஞ்சின் சூடானதும் தள்ளிவிட வேண்டியது சோக்; இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். கராஜில் விடும்போது மட்டும்தான் பையை எடுத்துக்கொண்டு அதைத் தள்ளியிருக்கிறேன். இப்போதும் தள்ளினேன். கறுப்புப் புகை நின்றது.

பாஸிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, டேஷ்போர்டில் பையை மாட்ட ஒரு கொக்கியைப் பூட்டித் தந்தார்.

கார்பரேட்டரை மூன்று தடவை கழற்றியவன், அந்தப் பை எதில் தொங்குகிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.