பூட்டிய சேனல்

எஸ்றா அண்ணாச்சி கை வைத்துப் பேசாத ரேடியோ தூத்துக்குடியில் இல்லை என்பார்கள். நாசரேத் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு வந்த காலத்தில் வால்வு ரேடியோ. அது சூடேறிப் பாடுவதற்குள் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். பிறகு டிரான்சிஸ்டர், பிறகு எஃப்.எம். செல்போன் வந்ததும் கடையில் ஈ ஓட்டினார். நல்லவேளை, மீன்பிடி வள்ளங்களில் வயர்லெஸ் செட் வைக்க ஆரம்பித்தார்கள். மனுசன் பிழைத்துக்கொண்டார்.

வயர்லெஸ்ஸில் ஒரு தொல்லை. ஒருவர் பேசுவது கடலில் எல்லாருக்கும் கேட்கும். மீன் கிடைத்த இடத்தைத் தம்பியிடம் சொன்னால் ஊரே வலையோடு வந்து நிற்கும். வள்ளக்காரர் கஸ்பாருக்கு இது பெரிய வயிற்றெரிச்சல்.

"அண்ணாச்சி, எனக்கும் தம்பிக்கும் மட்டும் கேக்குத மாதிரி ஒண்ணு செஞ்சு தாரும்."

செய்து கொடுத்தார். வேறு எவன் செட்டிலும் இல்லாத அலைவரிசை. கெட்டிக்காரத்தனம் என்றால் அப்படியொரு கெட்டிக்காரத்தனம்!

"ஆபத்துக்குக் கூப்பிடுத பதினாறாம் சேனல் மட்டும் இருக்கட்டும்லே," என்றார் எஸ்றா.

"வேண்டாம். கை பட்டுத் திரும்பிட்டுன்னா எல்லாப் பயலும் கேப்பான். பூட்டிப் போடும்."

செய்யக் கூடாது என்று எஸ்றாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கஸ்பார் மெச்சிய மெச்சில் தலைகால் புரியவில்லை. கஸ்பார் செட்டில் பதினாறைக் கூப்பிடவே முடியாதபடி பூட்டிவிட்டார். அந்தச் சங்கதி தம்பிக்குக்கூடத் தெரியாது.

தம்பி காய்ச்சலில் படுத்து, அவன் வள்ளம் கரையில் கிடந்த ஒரு நாள் கஸ்பார் தனியாகப் போனார். பகலில் காற்று திடீரென்று எழும்பியது. மறுநாள் பாதி மூழ்கிய வள்ளம் கிடைத்தது. செட்டின் மைக் கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. பாவம், கூப்பிட்டிருக்கிறார். உடல் பிறகு மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கியது.

அன்று அந்தப் பக்கம் வலை போட்டிருந்தவர் ஜெரோம் ஒருவர்தான். துக்கம் கேட்க வந்தவரைக் கஸ்பாரின் மனைவி ஹில்டா வாசலிலேயே மறித்தாள்.

"மீனுக்குன்னா ஓடி வாரவன், உசுருக்குக் கூப்பிட்டா வரமாட்டியோ? கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டியே, பாவி!"

ஜெரோம் படியிறங்கிப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்திருந்த எஸ்றா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

கஸ்பார் செத்து ஒரு வருசமாகி, கோயிலில் வருசப் பூசை முடிந்து வெளியே வந்தபோதும் ஹில்டா ஜெரோமைத்தான் சபித்தாள். எஸ்றாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கோயில் முற்றத்தில் மாதா சொரூபம் இருக்கும் கெபி அருகிலேயே அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் ஏசுவாள், அடிப்பாள் என்று நினைத்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அவன்கிட்ட வந்து சொல்லும். இப்பமே."

ஜெரோம் கடல் தொழிலை விட்டுவிட்டு, துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். எஸ்றா சொல்லி முடிக்கும்வரை கயிற்றைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப எஞ் செட்டுல அவரு குரல் வரவே இல்லியா, அண்ணாச்சி?"

"வர வழியே இல்ல, ஜெரோம்."

ஜெரோம் கரித்தூளில் அப்படியே உட்கார்ந்து தேம்பினார்.

"எஞ்சின் சத்தத்துல எனக்குத்தான் கேக்காமப் போச்சுன்னுல்லா நெனச்சேன். இந்தக் காதுதான் அவரக் கொன்னுட்டுன்னு வள்ளத்தையே வித்துட்டேனே, அண்ணாச்சி!"