தரையில் படுத்துப் பார்த்து வாங்கிய ஜன்னல்கள்

ஒரு கிணறு. ஒரு மாட்டுக் கொட்டகை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் தலையெடுத்த நாளில் கூலி ஆட்களைச் சேர்த்து சரக்கு ஏற்றி இறக்க நானே ஏற்படுத்திய லோடிங் செட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, எளாவூர்ப் பக்கம் இன்றைக்கும் நிற்கிற என் செங்கல் வீடு. இவ்வளவையும் எழுப்பியவன் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அப்பன் சொத்து என்று எனக்கு வந்தது ஒரு மண்வெட்டி, அதுவும் காம்பு உடைந்தது. அடுத்தவன் நிலத்தில் நாற்று பிடுங்கிய கை, பிறகு சூளையில் கல் சுமந்த கை, அதே கைதான் கட்டியது. உன்னால் ஆகுமா என்று கேட்டவர்கள் பிற்பாடு என் வீட்டு நிழலில் நின்று மோர் வாங்கிக் குடித்தார்கள்.

வீட்டில் மற்ற எதையும் நான் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. எந்தச் சூளைக் கல் வேகும், எது வேகாது என்று எனக்கே தெரியும். சுண்ணாம்பு எங்கே எடுப்பது, மணல் எங்கே அள்ளுவது, எல்லாம் அத்துப்படி. ஜன்னல் ஒன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது.

காரணம் என் வீட்டுக்காரி. அவளுக்கு இரைப்பு. நாங்கள் அப்போது இருந்த குடிசையில் கதவைத் தவிர காற்று வர வழியே கிடையாது. அடுப்புப் புகையும் அதற்குள்ளேதான். அவள் முக்கால்வாசி இரவு படுக்க மாட்டாள். நடுக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். விசில் மாதிரி சத்தம் வரும். ஒரு நாள் சொன்னேன், "உன்ன காத்துல படுக்க வெக்காம நான் கண்ண மூட மாட்டேன்." அவள் சிரித்தாள். "மொதல்ல மூச்ச உட்றதுக்கு ஊட்ட கட்டு. அப்புறமா கண்ண மூடு."

சுவர் இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஜன்னல் நிலையைச் சுவர் எழும்பும்போதே நிறுத்திவிடுவார்கள், பிறகு குத்தி வைக்கிற பழக்கம் இல்லை. அதனால் மேஸ்திரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆந்திராக்காரர். "நைனா, நெலை வந்தாத்தான் இனிமே வேல. மழ வேற கூடிக்கினு வருது."

என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, அப்போது ஒரு இரும்புப் பட்டறையில் ஹெல்பர். இரும்பு ஜன்னல்தான் புதுசு, அதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவளையும் அழைத்துக்கொண்டு போனோம். செங்காவி பெயின்ட் அடித்து வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க ஜோராக இருந்தது.

"மாமா, கம்பெனி மாரி இருக்கும் ஊடு," என்றான்.

அவள் ஒரு ஜன்னலை இடுப்பு உயரத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். நானும் அவனும் பிடித்தோம். அவள் அதன் கீழே தரையில் உட்கார்ந்து, பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தாள்.

"காத்து எந்தலைக்கு மேலயே பூடுதேடா."

"கட்டில் வாங்கிப் போட்டா சரியாப் பூடும் அக்கா."

"நான் மட்டும் கட்டில்ல, எம்புள்ளைங்க தரையிலயா? போடா பேமானி."

எனக்கு அப்போதுதான் மண்டையில் தட்டியது. ஜன்னல் செய்கிறவன் எல்லாம் கட்டிலில் படுக்கிறவனை நினைத்தே செய்கிறான். நாங்கள் பாய் விரித்துத் தரையில் படுக்கிற ஜனம். எங்கள் பக்கத்தில் ஓட்டு வீடு கட்டிய அத்தனை பேரும் இடுப்பு உயரத்தில் ஜன்னல் வைத்துவிட்டு, அதன் கீழே புழுங்கிக் கிடந்தார்கள். யாருக்கும் இது தோன்றவில்லை. அதோடு இன்னொன்று: பழவேற்காட்டு ஏரிக் காற்றில் உப்பு. இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது மாட்டு வண்டி அச்சைப் பார்த்தவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஆரணிக்குப் போய் ஒரு தச்சரைப் பார்த்தேன். பேர் போன வேலைக்காரர். ஜன்னலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்கப் போகிறேன், அதற்கு ஏற்ற மாதிரி நெட்டையாக வேண்டும் என்றேன். வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குப் பேரு ஜன்னலா? கோழிக்கூடா? எங்கையால செஞ்சா எம்பேரு கெட்டுடும்ப்பா."

"படுக்கப் போறது நாங்க. உம்பேரு எங்க வந்துது இதுல?"

"அப்ப நீயே செஞ்சுக்கோ."

கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்காரியிடம் சொன்னதற்கு, "கோழியாவது நல்லா மூச்சு உடுது," என்றாள்.

கடைசியில் செங்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஹைரோட்டு ஓரம் ஒரு இடம் கேள்விப்பட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மெட்ராசில் இடிக்கிற பழைய பங்களாக்களின் கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் அங்கே வந்து இறங்கும். நடத்துகிறவர் ஒரு பாய். குல்லாவும் லுங்கியுமாக ஒரு தேக்குத் தூலத்தின்மேல் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் நேராக ஒரு புளிய மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டாள்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நாலு கதவு, மேலே ஜோடி, கீழே ஜோடி. கீழ் ஜோடியை மட்டும் தனியாகத் திறக்கலாம். எல்லாம் பர்மா தேக்கு, வெண்கலக் கொக்கி.

"அத்த நிமித்தி வெய்யி," என்றாள்.

நிறுத்தினேன். அவள் முந்தானையை மண்ணில் விரித்து அப்படியே படுத்துவிட்டாள். பாய் இட்லியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டா?"

"தண்ணி வாணாம் பாய். கீழ்க் கதவத் தெறங்க."

திறந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரோட்டில் லாரி போகிற தூசியோடு செங்குன்றம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. முகத்தில் ஒட்டியிருந்த முடி அசைந்தது.

"வர்துய்யா," என்றாள். "நீயும் படுத்துப் பாரு."

அன்றைக்கு நான் சலவை வேட்டி கட்டியிருந்தேன். நாலு பேர் பார்க்கிற ஹைரோடு. ஆனாலும் படுத்தேன். ஒரு லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, "இன்னா வாத்யாரே, ஊட்ல எடம் இல்லியா?" என்று கத்திவிட்டுப் போனான். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கட்டில் வாங்க வர்றவன்தான் படுத்துப் பாப்பான். ஜன்னலுக்குப் படுத்த புருசன் பொண்டாட்டிய இப்பத்தான் பாக்கறேன்."

வண்டியில் ஏற்றி வந்து இறக்கியதும் மேஸ்திரி இரண்டு அடி பின்னால் போனார். இடித்த வீட்டு மரத்தைப் புது வீட்டில் வைப்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. "அந்த ஊட்டு பீட இத்தோட வந்துடும் நைனா. எத்தினி சாவு பாத்துதோ."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "எத்தினி பேரு இத்தத் தெறந்து வெச்சுக்கினு நிம்மதியாத் தூங்கினாங்களோ. அதுவுந்தான வரும்?"

மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, குங்குமம் வைத்து, வாசக்காலுக்குச் செய்கிற பூசையை ஜன்னலுக்குச் செய்தோம். அப்படியும் மேஸ்திரி கை வைக்கவில்லை. கட்டிய சுவரை உடைப்பது பாவம் என்றார். கடப்பாரையை எடுத்து நானே உடைத்தேன், தரைக்கு ஒரு சாண் விட்டு. பாம்பு வரும் என்று ஊரே பேஜாரு பண்ணியது. கம்பெனி ஸ்கிராப்பில் வந்த கம்பி வலையை வெட்டிக் கீழ்ப் பாதிக்கு அடித்தேன். 

குடி போன அன்றிரவு பிள்ளைகள் நடுவில், நாங்கள் இரண்டு ஓரமும் படுத்தோம். அந்த விசில் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. நோய் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பனிக்காலத்தில் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் கம்பத்தில் சாய்ந்து விடிய வைத்ததை நான் பார்க்கவில்லை. கடைசி மூச்சும் அந்த ஜன்னலடியில், படுத்த வாக்கில், அமைதியாகத்தான் போனது.

இப்போது பேரன் வேப்பம்பட்டில் வீடு கட்டுகிறான். அந்த ஜன்னல்களில் ஒரு ஜோடி கேட்டான், கழற்றிக் கொடுத்தேன். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க ஆயா தரையில படுத்துப் பாத்து வாங்கினது," என்று காட்டுகிறானாம். என் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஆனால் தேடிக் கண்டுபிடித்தவன் யார்? கடப்பாரை பிடித்தவன் யார்? வலை அடித்தவன் யார்?

அதெல்லாம்கூடப் போகட்டும். சலவை வேட்டியோடு ஹைரோட்டு மண்ணில் அவள் பக்கத்தில் படுத்தவன் நான். அவளை முதலில் சொல்லுங்கள், நியாயம்தான். ஆனால் இனிமேல் அந்த ஜன்னலைக் காட்டும்போது இரண்டு பேர் படுத்துப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். இது நான் கேட்கிற தயவு இல்லை, எனக்குச் சேர வேண்டியது.