அவள் என் பெயரைச் சொல்லவில்லை

மறதி நோயின் தொடக்கம் என்று சிதம்பரத்தில் டாக்டர் சொன்னதும் கலங்கிப்போனது நான்தான். என் மனைவி முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் போடற கையெழுத்து இன்னும் எத்தன நாளைக்கு சார் செல்லும்?"

"இப்ப தெளிவா இருக்கீங்கம்மா. எழுதறத இப்பவே எழுதிடுங்க" என்றார் அவர். தெளிவாக இருக்கிறாள் என்று சான்றிதழும் கொடுத்தார்.

அடுத்த வாரமே திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பக்கத்துத் தெரு வக்கீலம்மாவிடம் போனோம். பண்ருட்டியிலிருந்து என் தங்கையும் வந்திருந்தாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன்.

"குடுத்தவங்களுக்கு நெனவு போயிட்டா பவரும் செல்லாது சார்" என்றார் வக்கீல். "எந்த வைத்தியம் வேணும், எது வேணாம்னு இப்பவே எழுதி வைக்கலாம். அவுங்களால சொல்ல முடியாதப்ப யாரு சொல்லணும்னு ஒரு பேரு போடணும்."

நான் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இவரு பேரு வேணாம்" என்றாள் மனைவி. "இவ பேரப் போடுங்க." கை என் தங்கையைக் காட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. தங்கை பதறிவிட்டாள். "அண்ணன் இருக்கறப்ப நான் எப்படி அண்ணி?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாம மூச்சு மட்டும் ஓடுதுன்னு வச்சிக்க. எத்தன டியூப் வேணாலும் போடுங்கன்னு டாக்டர் கால்ல விழுவாரு உங்கண்ணன். நீ வார்டுல எத்தன பேரப் பாத்திருக்க! போதும்னு சொல்ல உன்னாலதான் முடியும்." பிறகு என்னிடம் திரும்பினாள். "கோவமாங்க?"

கோபம்தான். ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை. அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ஒரே நாளில் இரண்டு டாக்டரைப் பார்க்கிறவன் நான்.

"கூட இருந்து பாத்துக்கறது நீங்கதான்" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எனக்காக வரிசையாக எழுதியிருந்தாள். மகள் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வரக்கூடாது. தன்னைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாமல் போனால் தயங்காமல் ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். காபியில் சர்க்கரையைக் குறைத்து ஏமாற்றக்கூடாது.

வக்கீல் சிரித்தார். "இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இல்லம்மா."

"சட்டத்துக்கு இல்ல, இவருக்கு."

இரண்டு நாள் கழித்து, இரண்டு சாட்சிகளையும் நோட்டரியையும் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்திட்டாள். சட்டப்படி குடும்ப டாக்டருக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல் போனது. வெளியே வந்ததும், "பசிக்குது" என்றாள். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் பொங்கலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருப்பது தெரிந்தது. 'போதும்' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. சில நாள் கிழமை தெரிவதில்லை. சில பெயர்கள் நழுவுகின்றன. சாயங்காலமானால் இருவரும் கடற்கரைக்குப் போகிறோம். வழியில் யாராவது நலம் விசாரித்தால், "நல்லா இருக்கோம்" என்று எனக்கும் சேர்த்து அவளே பதில் சொல்கிறாள்.